இரும்பு என்று பேர் வைத்துக்கொண்டவர்கள்: ஜப்பானில் ஆறு நாள்

மார்ச் 11, 2025, செவ்வாய்: நிப்போரி பாலம்

தோக்கியோவின் நிப்போரி நிலையத்தை ஒட்டி ஷிமோகோயின்தென் என்று ஒரு பாலம். அதன் நடுவில், ரயில் பார்ப்பதற்காகவே ஒரு மாடத்தை வெளியே தள்ளிக் கட்டியிருக்கிறார்கள். கீழே 14 தடங்கள். ஷிங்கான்சென் என்னும் அதிவேக ரயில், புறநகர் மின்ரயில், விமான நிலைய ரயில் எல்லாம் சேர்த்து 20 வகை; ஒரு நாளைக்குச் சுமார் 2,500 ரயில் போகிறது என்று கணக்குச் சொல்கிறார்கள். காலை பத்து மணிக்கே மாடம் நிறைந்துவிட்டது. பாதிப் பேர் நான்கு வயதைத் தாண்டாதவர்கள்.

பச்சை மூக்கு தெரிந்ததும் ஒரு வாண்டு “ஈ-ஃபைவ்!” என்று கத்துகிறது. பிறகு சிவப்பு மூக்கு. “ஈ-சிக்ஸ்!” பக்கத்தில் ஒரு தாய் கையில் குடை, தண்ணீர் பாட்டில், மகனின் செருப்பு ஒன்று. அவரே வண்டியின் வரிசை எண்ணைத் திருத்திச் சொல்கிறார். இந்த இருவருக்கும் ஜப்பானியத்தில் பட்டப்பெயர் உண்டு. பிள்ளை கோ-தெட்சு. தாய் மாமா-தெட்சு. நம்ம ஊர் மாமா இல்லை, அம்மா.

இந்தப் பயணமே அந்த ‘தெட்சு’வுக்காகத்தான். தெட்சு என்றால் இரும்பு. ரயில்வேக்கு ஜப்பானியச் சொல் தெட்சுதோ, அதாவது இரும்புப் பாதை. பழைய தமிழ்ப் புத்தகங்களில் ‘இருப்புப் பாதை’ என்று எழுதியதும் இதே சொல்தான், ஒரு எழுத்து குறையாமல். அதிலிருந்து முதல் பாதியை வெட்டி எடுத்து, ரயில் பித்துப் பிடித்த ஒவ்வொரு வகை ஆளின் பின்னாலும் ஒட்டிவிட்டார்கள். படம் எடுப்பவன் தோரி-தெட்சு. ஏறிச் சுற்றுபவன் நோரி-தெட்சு. ஓசை பிடிப்பவன் ஒத்தோ-தெட்சு. ரயிலில் உட்கார்ந்து குடிப்பதற்கென்றே போகிறவனுக்கு நோமி-தெட்சு. எதிலும் சேராத சாதாரண மனிதருக்கும் பேர் உண்டு: ஹி-தெட்சு. உலோகத் தொழிலில் செம்பு, அலுமினியம் மாதிரி இரும்பு அல்லாதவற்றைக் குறிக்கும் சொல் அது. மனைவி ஹி-தெட்சு என்று ஒருவர் சொன்னால் புரிந்துகொள்ள வேண்டியது, வீட்டில் அலமாரி இடத்துக்குச் சண்டை நடக்கிறது என்பது.

மற்ற நாடுகளில் வைத்த பேர்களை எண்ணிப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். பிரிட்டனில் ‘அனோரக்’, மேடையில் மழையில் நின்றவர்கள் போட்டிருந்த சட்டையின் பேர். அமெரிக்காவில் ‘ஃபோமர்’, ரயிலைக் கண்டால் வாயில் நுரை தள்ளுகிறவன். ஜெர்மனியில் ‘புஃபர்க்யூசர்’, பெட்டியின் மோதுதாங்கிக்கு முத்தம் கொடுப்பவன். எல்லாம் ஆளைப் பார்த்துச் சிரிக்கிற பேர்கள். இங்கே பெரும்பாலும் வேலையைப் பார்த்துப் பேர் வைத்திருக்கிறார்கள். அதனால்தானோ என்னவோ, மாடத்தில் இருந்த தாயிடம் கேட்டபோது கோபமே வரவில்லை. “மாமா-தெட்சு பரவாயில்லைங்க. தெட்சுகோ என்றால்தான் கொஞ்சம் இடிக்கிறது” என்றார். தெட்சுகோ என்பது ரயில் பித்துள்ள பெண்ணுக்கு வைத்த பேர். ஆணுக்குத் தனிப் பேர் இல்லை, அவன் சும்மா தெட்சு. பெண் வந்தால் மட்டும் எதற்கு வால் என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்வி.

இந்த இரும்பு எழுத்திலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. அதைப் பிரித்தால் ஒரு பாதி உலோகம், பணம். மறு பாதி இழப்பு. பணத்தை இழ! ரயில் நடத்துகிற நிறுவனத்துக்கு வாசலில் எழுதி மாட்டக் கூடிய சொல்லா இது? நாட்டின் பெரிய ரயில் குழுமமான ஜே.ஆர். நிறுவனங்கள் தங்கள் பெயர்ச் சின்னத்தில் அந்தப் பாதியில் ஒரு கோட்டின் தலை மேலே நீட்டாமல் சுருக்கி ‘அம்பு’ என்று மாற்றிக்கொண்டன. ஜே.ஆர். ஷிகோகு மட்டும் பழைய எழுத்தையே வைத்திருக்கிறது.

மார்ச் 12, புதன்: 150 யென்னுக்கு 130 கிலோமீட்டர்

நிப்போரிக்கு அடுத்த நிலையம் உகுயிசுதானி. தூரம் 1.1 கி.மீ. காகிதச் சீட்டு அப்போது 150 யென். அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு நேர் எதிர்த் திசையில் கிளம்பி, சீபா மாவட்டத்தைச் சுற்றிக்கொண்டு, சுமார் 130 கி.மீ. கழித்து உகுயிசுதானியில் இறங்கலாம். சட்டப்படியே. இதற்குப் பேர் ஓமவாரி, பெரிய சுற்று. நோரி-தெட்சுகளின் பால பாடம்.

தோக்கியோ புறநகர் வட்டத்துக்குள் எந்த வழியாகப் போனாலும் குறைந்த தூரத்துக்கான கட்டணமே போதும் என்று ஒரு விதி இருக்கிறது. நிபந்தனைகள் சில. எந்த நிலையத்தையும் இரண்டாம் முறை தொடக் கூடாது. நடுவில் வாசலுக்கு வெளியே போகக் கூடாது. அன்றைக்கே முடிக்க வேண்டும். காகிதத்தில் பேனாவை எடுக்காமல் கோடு போடுவது மாதிரி, கோடு தன்னைத் தானே வெட்டாமல் இருந்தால் சரி.

இன்று போட்ட கோடு: நிப்போரியிலிருந்து ஜோபன் தடத்தில் அபிகோ. அங்கே மாறி, ஒற்றைத் தடத்தில் நரிதா. நரிதாவிலிருந்து சகுரா வழியாக சீபா. சீபாவிலிருந்து சோபு தடத்தில் அகிஹபாரா. கடைசியாக ஒகாச்சிமாச்சி, உயெனோ, உகுயிசுதானி. நடுவில் காத்திருப்பதையும் சேர்த்தால் அரை நாள் போய்விடும்.

தவறு நடக்கும் இடம் அபிகோ. தூங்கிப்போய் அடுத்த நிலையமான தென்னோதாய்க்குப் போய்த் திரும்பினால் அபிகோவை இரண்டு முறை தொட்டாயிற்று. சுற்று செத்தது, உண்மையில் போன தூரத்துக்குக் காசு கட்ட வேண்டும். இரண்டாவது சிக்கல், தடம் நடுவில் நின்றுபோவது. திரும்பி வந்தால் விதி உடைகிறது, காத்திருந்தால் நாள் முடிகிறது. மூன்றாவது, மின்னட்டை. சீட்டுக்குப் பதிலாக அட்டையில் நுழைந்தாலும் ஓமவாரி செல்லும். ஆனால் உள்ளே பல மணி நேரம் சுற்றினால் வெளியேறும்போது இயந்திரம் மறுக்கக் கூடும். சீட்டு எடுத்துவிட்டால் கையில் காட்ட ஏதாவது இருக்கும்.

உணவு வாசலுக்குள்ளேயே கிடைக்க வேண்டும் என்பதால் நோரி-தெட்சுகள் எந்த மேடையில் என்ன கடை என்று மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். அபிகோ மேடையில் யாயோய்கென் என்ற நின்று சாப்பிடும் கடை. சோபா நூடுல்ஸின் மேல் பொரித்த கோழித் துண்டு ஒன்றா இரண்டா என்று கேட்கிறார்கள். ஒன்று போதும், கை முஷ்டி அளவு, கிண்ணத்தை மூடிவிடுகிறது. முதலில் கோழியைக் கடிக்காமல் குழம்பில் அமுக்கி ஊற விடுவது வழக்கம் என்று பக்கத்தில் நின்றவர் சைகையில் காட்டினார். மரக்கறி சாப்பிடுபவர்களுக்கு இந்தக் கடைகளில் வழி இல்லை. வெறும் சோபா வாங்கினாலும் குழம்பு மீன் சாறுதான்.

நரிதா தடத்தில் ஓட்டுநர் அறைக் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பள்ளி மாணவன், மூக்கு கண்ணாடியில் படாத குறை. இந்த நிற்றலுக்கும் பேர் உண்டு: கபுரித்சுகி. பகலில் மட்டும்தான். இருட்டினால் பெட்டியின் வெளிச்சம் முன்கண்ணாடியில் பிரதிபலித்து ஓட்டுநரின் கண்ணை மறைக்கும் என்பதால் பின்னால் திரையை இறக்கிவிடுவார்கள். விவரம் தெரியாதவர்கள் இதை அவமதிப்பு என்று எடுத்துக்கொள்வதுண்டு.

நோரி-தெட்சு என்ற பேரில் யாருக்கும் வருத்தம் இருந்ததாகத் தெரியவில்லை. வருத்தம் வேறொரு சொல்லில்தான் வந்தது. நாட்டில் உள்ள எல்லாத் தடங்களிலும் ஏறி முடிப்பதற்கு நோரித்சுபுஷி என்று பேர். ஏறி நசுக்குவது என்று அர்த்தம். கையில் வரைபடம் வைத்திருந்த ஓய்வுபெற்ற மனிதர் ஒருவர், “நான் எதையும் நசுக்கவில்லை ஐயா, உட்கார்ந்துதான் போகிறேன்” என்றார். அவர் வரைபடத்தில் ஏறிய தடங்கள் சிவப்பு. வெள்ளையாக மிச்சம் இருந்தது விரல் நீளம்.

உகுயிசுதானியில் இயந்திரம் சீட்டைத் துப்பியது. ஊழியர் சீட்டில் குத்தியிருந்த நேரத்தைப் பார்த்தார். “ஓமவாரியா?” தலையாட்டல். வழி விட்டார்.

மார்ச் 13, வியாழன்: ஹிகாஹசு

ஹிகாஷி-ஓமியா நிலையத்துக்கும் ஹசுதா நிலையத்துக்கும் நடுவில் ஒரு வளைவு. இரண்டு பேர்களையும் நறுக்கி ஒட்டினால் ஹிகாஹசு. தோரி-தெட்சுகள் எந்த இடத்தையும் முழுப் பேர் சொல்லி அழைப்பதில்லை. நல்ல இடத்துக்குப் பொதுப்பேர் ஓதச்சிதாய், அதாவது ஏறி நிற்கும் மேடை. நிலையத்திலிருந்து நல்ல நடை. காலை வெயில் இருந்தும் காற்று காதை அறுத்தது.

போய்ச் சேர்ந்தபோது ஏழு முக்காலிகள் நின்றன, ஆட்கள் நான்கு பேர். முக்காலிக்கு இவர்கள் பேச்சில் கேபா. ஆள் இல்லாமல் இடம் பிடிக்க நிறுத்தியது ஓகி-கேபா. நம் ஊர்ப் பேருந்தில் சன்னல் வழியாகத் துண்டு போடுவது போலத்தான், அதே அளவு சண்டையும் வரும். புதிதாக வருபவர் செய்ய வேண்டியது: முதலில் வணக்கம் சொல்வது, பிறகு, இங்கே நின்றால் உங்கள் படத்துக்குள் விழுவேனா என்று கேட்பது. கேட்டால் எல்லாரும் நகர்ந்து இடம் கொடுக்கிறார்கள். கேட்காமல் முன்னால் போய் நின்றால்தான் தொல்லை.

எதிர்பார்ப்பது ஒரு சரக்கு ரயிலை. ஈ.எச். 500 எஞ்சின், பக்கவாட்டில் கின்தாரோ என்று நாட்டுப்புறக் கதைச் சிறுவனின் பேர் எழுதியிருக்கும். எஞ்சினுக்கே பட்டப்பெயர் வைத்து அதைப் பொறித்தும் வைத்த நாட்டில் மனிதருக்கு வைக்காமல் இருப்பார்களா.

படம் எடுக்கும் முறையைப் பக்கத்தில் நின்று பார்த்தால் ஒரு தொழில் மாதிரி இருக்கிறது. ரயில் வருவதற்கு முன்பே, அதன் முகம் எந்தக் கட்டையின் மேல் வரும்போது அழுத்த வேண்டும் என்று முடிவு செய்து, அந்த இடத்துச் சரளைக் கல்லில் குவியத்தைப் பூட்டிவிடுகிறார்கள். இதற்கு ஓகி-பின். வேகமாக வரும் வண்டிக்கு ஷட்டர் 1/1000 விநாடி. ஆனால் முன்பக்கத்துப் பலகை எல்.ஈ.டி. என்றால் அதே 1/1000 கெடுத்துவிடும்: விளக்குகள் கண்ணுக்குத் தெரியாமல் அணைந்து அணைந்து எரிவதால் ஊர்ப்பேர் பாதி வெட்டுப்பட்டுப் பதியும். 1/250 அளவுக்கு இறக்கினால் எழுத்து முழுசாக வரும், வண்டி கலங்கும். அதனால் பலகையும் வேண்டும் என்பவர்கள் வேகம் குறைந்த வளைவுகளையும் நிலைய முனைகளையும் தேடிப் போகிறார்கள். கூட்டம் அங்கேதான் சேருகிறது, சச்சரவும் அங்கேதான்.

மின்கம்பம், கூரையில் மின்சாரம் எடுக்கும் பாண்டோகிராஃபின் மேல் குத்தியது போல விழுந்தால் குஷிபான், கம்பியில் கோர்த்தது. முகமும் பக்கமும் சேர்ந்து வெயில் நிறைந்து விழுந்தால் பாரிஜுன். சரியாக அழுத்தும் நேரத்தில் எதிர்த் தடத்து ரயில் நடுவில் புகுந்தால் கபுரி. இன்று நடந்தது அதுதான். கின்தாரோ வந்தது, கூடவே எதிரிலிருந்து ஒரு புறநகர் ரயிலும். பதினைந்து பெட்டி. ஒருவரும் கத்தவில்லை. ஒருவர் மட்டும் முக்காலியை மடித்துக்கொண்டே மெல்ல, “மறுபடியும் அடுத்த வாரம்” என்றார்.

இந்த அமைதியை வைத்து முடிவுக்கு வரக் கூடாது. தோரி-தெட்சு என்பது இன்று செய்தியில் நல்ல சொல் இல்லை. 2010 பிப்ரவரியில், ஒசாகாவுக்கும் நாராவுக்கும் இடையிலான தடத்தில் ஒரு சிறப்பு ரயிலைப் படம் எடுக்க ரசிகர்கள் தண்டவாளப் பகுதிக்குள் இறங்கி, பல ரயில்கள் நின்றுபோயின. அதற்குப் பிறகும் மேடை முனைகளில் ‘பின்னால போ!’, ‘குனி!’ என்று கூட்டமாகக் கத்துவது அடிக்கடி காணொளியாக வெளியே வருகிறது. அதற்கும் ஒரு பேர் வைத்துவிட்டார்கள்: பசெய்-தாய்காய், வசைப் போட்டி. கத்துகிறவர்களுக்கு குசு-தெட்சு என்று பேர். குசு என்றால் குப்பை. தமிழ்க் காதுக்கு வேறு மாதிரி கேட்டாலும் பொருத்தம் கெடவில்லை.

ஹிகாஹசுவில் இருந்த நால்வரில் மூன்று பேர் தங்களைத் தோரி-தெட்சு என்று சொல்ல மறுத்தார்கள். “ரயில் படம் எடுப்பவர்” என்று நீட்டி முழக்கிச் சொன்னார்கள். நான்காமவர் எழுபதைத் தாண்டியவர். அவர் இளைஞராக இருந்தபோது எல்லாருக்கும் ஒரே பேர்தானாம்: தெட்சு-சான். குழந்தைகளையும் நெருங்கியவர்களையும் கூப்பிடும் ‘சான்’ அது. இரும்புக் குட்டி என்று வைத்துக்கொள்ளலாம். கேலிதான், ஆனால் மடியில் வைத்துக்கொண்டு செய்யும் கேலி.

சாப்பாடு: கடையில் வாங்கிய இரண்டு சோற்றுருண்டை, ஒரு டின் சூடான சோளச் சாறு. 5 கிலோ அரிசி 4,000 யென்னைத் தாண்டியிருக்கும் நேரம் இது. காசு கொடுக்கும் இடத்தில் எனக்கு முன்னால் நின்றவர் உருண்டையின் விலைச்சீட்டை இரண்டு முறை படித்தார்.

மார்ச் 14, வெள்ளி: நம்பு தடத்தில் கடைசி மெட்டு

ஜப்பானில் ஒவ்வொரு மார்ச் நடுவிலும் கால அட்டவணை மாறும். இந்த வருடம் அது நாளை, 15ஆம் தேதி. மாறுவதற்கு முந்தின இரவு தெட்சுகளுக்குச் சிவராத்திரி.

கவாசாகியிலிருந்து தச்சிகாவா வரை 35.5 கி.மீ. ஓடும் நம்பு தடத்தில் நாளை முதல் நடத்துநர் கிடையாது, ஓட்டுநர் மட்டும். இன்று வரை மேடைத் தூணில் உள்ள பொத்தானை நடத்துநர் அழுத்த, மேடை ஒலிபெருக்கியில் சில விநாடி மெட்டு ஒலிக்கும், மறுபடி அழுத்தினால் நிற்கும், கதவு மூடும். நாளை முதல் அந்த வேலையை வண்டியின் ஒலிபெருக்கியே பார்த்துக்கொள்ளும். மேடை மெட்டுகளுக்கு வேலை இல்லை. ஆகவே இன்று மாலை முசாஷி-மிசோனோகுச்சி மேடையில் ஒத்தோ-தெட்சுகள்.

இவர்களைக் கண்டுபிடிப்பது சுலபம். கூட்டத்தில் அசையாமல் நிற்பவர்கள் இவர்கள்தான். பேச மாட்டார்கள், பிளாஸ்டிக் பை வைத்திருக்க மாட்டார்கள், மேலங்கியின் ஜிப்பை முன்பே மூடியிருப்பார்கள். கையில் பூனைக்குட்டி போல் ரோமம் சுற்றிய ஒலிப்பதிவுக் கருவி, ரோமம் காற்றுக்கு. தானியங்கி ஒலி அளவை அணைத்துவிடுவது முதல் விதி. அணைக்காவிட்டால் ரயில் நுழையும் இரைச்சலுக்குக் கருவி பயந்து அளவைக் குறைக்கும், மெட்டு தொடங்கும்போது பள்ளத்தில் கிடக்கும். உச்சம் மைனஸ் 12 டெசிபலில் நிற்கும்படி கையால் வைக்க வேண்டும்.

மெட்டை முழுசாகப் பிடிப்பது அபூர்வம். நெரிசல் நேரத்தில் நடத்துநர்கள் மூன்று விநாடியில் வெட்டிவிடுவார்கள். முழுசாக ஓடினால் ஃபுல் கோரஸ். ஏழு மணியிலிருந்து ஒன்பது மணி வரை நின்றதில் ஒரே ஒரு நடத்துநர் மறுபடி அழுத்தாமல் கடைசி வரை ஒலிக்க விட்டார். கதவு மூடியதும் மேடையின் மறு கோடியில் இரண்டு பேர் அவர் பக்கம் பார்த்துக் குனிந்து வணங்கினார்கள். அவரும் தொப்பியைத் தொட்டார். ஒரு வார்த்தை பேச்சு இல்லை, பதிவு கெட்டுவிடும்.

வண்டிக்குள் ஓசை பிடிப்பவர்களுக்கு வேறு கணக்கு. பெட்டியின் பக்கத்தில் எழுதியிருக்கும் எழுத்தைப் படிக்க வேண்டும். மோ என்றால் மோட்டார் உள்ள பெட்டி, கு என்றால் ஓட்டுநர் அறை, சா என்றால் இரண்டும் இல்லாதது. பின்னால் வரும் ஹா சாதாரண வகுப்பு: பழைய இ-ரோ-ஹா எழுத்து வரிசையில் மூன்றாவது, பழைய மூன்றாம் வகுப்பு. நம்பு தடத்தின் ஆறு பெட்டி வண்டியில் இரு முனையும் குஹா, நடு நான்கும் மோஹா. மோட்டாரின் இழுவை ஓசை வேண்டுமானால் முனையில் ஏறாதே. கெய்கியு தடத்தில் ஒரு காலத்தில் சீமென்ஸ் இன்வெர்ட்டர் வண்டிகள் புறப்படும்போது ஸ்வர வரிசை பாடிக்கொண்டே கிளம்பும். 2021 ஜூலையோடு அதுவும் போயிற்று. அன்றைக்கும் இப்படித்தான் நின்றோம் என்றார் ஒருவர், இடைவேளையில், காதோடு.

ஒன்பது மணிக்கு மேல் வேறொரு கூட்டம் வந்தது. கைப்பேசிகளோடு, பேசிக்கொண்டு. ஒத்தோ-தெட்சுகளின் முகம் மாறியது. ஒருவர் வாயசைவில் சொன்ன சொல்: சோஷிகி-தெட்சு. சோஷிகி என்றால் ஈமச் சடங்கு. தடம் மூடும்போதும் வண்டி ஓய்வு பெறும்போதும் மட்டும் வந்து கையசைத்து ‘அரிகாத்தோ’ என்று கத்திவிட்டுப் போகிறவர்கள். இருக்கும்போது சீட்டு வாங்காதவன் கருமாதிக்கு முதல் பந்தியில் உட்கார்ந்த கதை. இதுவரை கேட்ட பேர்களிலேயே கடுமையானது இதுதான், அதை வைத்தவர்கள் வெளியார் இல்லை. கைப்பேசியோடு வந்த ஒரு இளைஞனைக் கேட்டால், “ஏழு வருடம் இந்தத் தடத்தில்தான் பள்ளிக்கூடம் போனேன். நான் எப்படி சோஷிகி?” என்கிறான். பதில் சொல்ல முடியவில்லை.

மார்ச் 15, சனி: யோகோகாவா, மழை

நேற்றிலிருந்து கையில் செய்ஷுன் 18 சீட்டு, மூன்று நாள், 10,000 யென். ஜே.ஆர். சாதாரண ரயில்களில் நாள் முழுக்க ஏறலாம், வயது வரம்பு இல்லை. முன்பு ஐந்து நாளை விரும்பிய தேதிகளில் பிரித்து எடுக்கலாம், ஐந்து பேர் ஒரே நாளில் பங்கும் போடலாம். 2024 குளிர்காலத்திலிருந்து தொடர்ச்சியான நாட்கள்தான், ஒரு ஆள்தான். ஐந்து நாள் சீட்டு அதே 12,050. நோரி-தெட்சுகளிடம் இந்தப் பேச்சை எடுத்தால் அரை மணி நேரத்துக்கு வேறு பேச்சு இல்லை.

தகாசாகியிலிருந்து யோகோகாவா 29.7 கி.மீ., அதோடு தடம் முடிகிறது. குளிர் ஊர் ஆதலால் கதவு தானாகத் திறக்காது, பொத்தானை அழுத்த வேண்டும். இடையில் ஒரு நிலையத்தில் பெரிய பையோடு இருந்த வெளிநாட்டுத் தம்பதி கதவு திறக்கும் என்று நம்பி நின்றுகொண்டே இருந்தார்கள். வண்டி கிளம்பிவிட்டது. எதிரில் இருந்த பாட்டி எழுந்து வந்து, அடுத்த நிலையத்தில் தானே அழுத்திக் காட்டிவிட்டுத் திரும்பிப்போய் உட்கார்ந்தார்.

யோகோகாவாவுக்கு அப்பால் கருயிசாவா வரை 11.2 கி.மீ. மலை. ஆயிரத்துக்கு 66.7 சரிவு. அதற்காகவே செய்த ஈ.எஃப். 63 எஞ்சின்களை ஒவ்வொரு ரயிலின் அடிவாரப் பக்கத்திலும் கோர்த்துத் தள்ளுவார்கள். கோர்க்கும் சில நிமிடங்களில் பயணிகள் இறங்கிச் சாப்பாடு வாங்குவார்கள். ரயில் கிளம்பினால் விற்பவர்கள் வரிசையாகக் குனிந்து வணங்குவார்கள். 1997 செப்டம்பர் 30-ஓடு அந்தப் பகுதி மூடப்பட்டது. மறுநாள் ஷிங்கான்சென் வந்துவிட்டது. எஞ்சின்கள் நிலையத்துக்குப் பக்கத்திலேயே பூங்காவில் நிற்கின்றன, பயிற்சி முடித்தவர்கள் ஓட்டவும் செய்யலாம்.

தடம் போனது, சாப்பாடு நிலைத்தது. ஒகினோயாவின் தோகே நோ கமாமேஷி, 1958 முதல். ஆயிரத்துச் சொச்சம் யென். மண் பானையில் சோறு. மேலே கோழி, காடை முட்டை, மூங்கில் குருத்து, ஷீத்தாகே காளான், கோபோ வேர், பட்டாணி, ஒரு செஸ்ட்நட், ஒரு இனிப்பு ஆப்ரிகாட். ஆப்ரிகாட்டைக் கடைசிக்கு வைப்பதா நடுவில் தின்பதா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. மழையில் நடுங்கிய கைக்குப் பானையின் சூடுதான் முதல் பந்தி. காலிப் பானையை எறிய மனம் வராது, பையில் வைத்தால் தோள் போய்விடும். வீட்டில் ஒரு கைப்பிடி அரிசி வடிக்கலாம் என்று சொல்லித்தான் எல்லாரும் சுமக்கிறார்கள்.

திரும்பும் வண்டியில் ஒருவர் ஆயிரம் பக்கம் கனத்த கால அட்டவணைப் புத்தகத்தை நாவல் போலப் படித்துக்கொண்டிருந்தார். இந்த வகைக்கு ஜிகோகுஹியோ-தெட்சு. ஜே.டி.பி. நிறுவனத்தின் அட்டவணை 1925 ஏப்ரலில் தொடங்கியது, அடுத்த மாதம் நூறு. அவர் விரல் ஹொக்காய்தோவின் கிழக்கு மூலையில் நின்றது. நேற்று வரை நாட்டின் கிழக்குக் கோடி நிலையம் ஹிகாஷி-நெமுரோ. இன்று அந்த வரி இல்லை. பக்கத்தில் உள்ள நெமுரோவுக்கு அந்தப் பட்டம் போயிற்று. பழைய இதழையும் புதிய இதழையும் அருகருகே வைத்து ஒப்பிட்டுக்கொண்டிருந்தார். மடியில் இரண்டு கிலோ. இதுவும் ஈமச் சடங்குதானே என்றேன். “இல்லை, இது மரணப் பதிவேடு” என்றார், சிரிக்காமல்.

மார்ச் 16, ஞாயிறு: சோஷி

மழை விடவில்லை. தோக்கியோவிலிருந்து சாதாரண ரயிலில் சோஷிக்கு இரண்டரை மணி நேரத்துக்கு மேல். ஜே.ஆர். மேடையின் கோடியிலேயே சோஷி மின்ரயிலின் தொடக்கம். செய்ஷுன் சீட்டு இங்கே செல்லாது, தனியாக வாங்க வேண்டும். மொத்த நீளம் 6.4 கி.மீ., 10 நிலையங்கள். வண்டிகள் எல்லாம் பிற ஊர்களில் ஓடி முடித்தவை. 2024-ல் ஒசாகா பக்கத்து நன்காய் நிறுவனத்தின் பழைய ஜோடி ஒன்று இங்கே ஓடத் தொடங்கியது. நகானோச்சோ நிலையத்தில் கதவு திறந்தால் பக்கத்துத் தொழிற்சாலையின் சோயா நெடி பெட்டிக்குள் ஏறுகிறது.

2006 நவம்பரில் இந்த நிறுவனத்திடம் வண்டிகளைச் சோதனைக்கு அனுப்பக் காசு இல்லை. சோதனை இல்லாமல் ஓட்டக் கூடாது. நுரெ-சென்பேய் வாங்குங்கள், வண்டி பழுதுபார்க்கும் செலவைச் சம்பாதிக்க வேண்டும் என்று வெளிப்படையாக எழுதினார்கள். சுட்ட அரிசி அப்பளத்தைச் சூட்டோடு சோயாவில் முக்கி எடுத்தது அது. மொறுமொறுப்பு இருக்காது, நமுத்த முறுக்கைப் போல் இழுக்கும், உப்பு தூக்கல். நாடு முழுக்கத் தெட்சுகளும் ஹி-தெட்சுகளும் சேர்ந்து வாங்கித் தீர்த்தார்கள். தயாரிப்பு ஈடுகொடுக்கவில்லை. சோதனைக்குக் காசு சேர்ந்தது.

வண்டியில் பக்கத்து இருக்கைக்காரர் அன்று பெட்டி பெட்டியாக வாங்கியவர்களில் ஒருவராம், அலுவலகத்தில் எல்லார் மேசையிலும் வைத்தாராம். அப்போது அவருக்கு இருந்த பேர் தெட்சு-ஓதா. ஒதாகு என்பதன் சுருக்கம் அந்த ஓதா. 1983-ல் ஒரு பத்திரிகைப் பத்தியில் கேலியாக எழுதப்பட்டுப் பரவிய சொல். எத்தனை வருடம் ஆனாலும் அலுவலகத்தில் அதைக் கேட்டால் காது சூடாகிறது என்றார். ரயிலுக்குள் கேட்டால்? “ரயிலுக்குள் எல்லாரும் அதுதானே.”

கசகாமி-குரோஹாயே நிலையத்தில் இறங்கிப் பார்க்க வேண்டியது பேர்ப் பலகை. காசுக்காக நிலையங்களின் செல்லப்பேர் உரிமையையும் இந்த நிறுவனம் விற்கிறது. இந்த நிலையத்தை வாங்கியது தலைமுடிப் பராமரிப்பு நிறுவனம். ஓரிரு எழுத்தை மாற்றி கமினோகே-குரோஹாயே என்று வைத்துவிட்டார்கள்: முடி கருப்பாய் முளைக்கட்டும். மழையில் நனைந்துகொண்டு வழுக்கைத் தலைக்காரர் ஒருவர் பலகைக்குக் கீழே நின்று தொப்பியைக் கழற்றினார். அவர் நண்பர் குவியம் பார்த்தார். ஒற்றைத் தடம்தான், ஆனால் எதிரெதிர் வண்டிகள் விலகிப் போவது இந்த நிலையத்தில்; கபுரிக்கு இங்கே மட்டும் வழியுண்டு.